நியமனக் கடிதத்தில் "வீட்டிலிருந்து வேலை" என்று இருக்கிறது, இப்போது கொழும்புக்கு வரச் சொல்கிறார்கள்

அக்கராயன் பிள்ளை

எல்லோருக்கும் வணக்கம். நான் கிளிநொச்சி மாவட்டம், அக்கராயன். கொழும்பில் உள்ள ஒரு கொம்பனிக்குக் கணக்கு வேலை செய்கிறேன். 2021 ஆவணியில் சேர்ந்தேன். கொரோனா நேரம், நேர்முகத் தேர்வுகூட சூமில்தான் நடந்தது. நியமனக் கடிதத்தில் "வேலை செய்யும் இடம்: ஊழியரின் வதிவிடம், கிளிநொச்சி" என்று எழுதியிருக்கிறார்கள். லப்டொப் அவர்களுடையது. இன்ரநெற்றுக்கு மாதாமாதம் ஒரு தொகை தருகிறார்கள். ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) ஒழுங்காகக் கட்டுகிறார்கள்.

போன கிழமை எச்.ஆர். இடமிருந்து மின்னஞ்சல் வந்தது. அடுத்த மாதம் முதலாம் திகதியிலிருந்து எல்லோரும் கிழமைக்கு ஐந்து நாளும் அலுவலகம் வர வேண்டும், வராதவர்கள் தாங்களாகவே வேலையை விட்டதாகக் கருதப்படுவார்கள் என்று. சம்பளம் அதே சம்பளம்தான். தங்குமிடத்துக்கு ஒரு உதவியும் இல்லை. நான் ஃபோன் எடுத்துக் கேட்டேன். "இயலாது என்றால் இராஜினாமாக் கடிதம் தாருங்கள், சேவைச் சான்றிதழ் நல்லபடியாகத் தருவோம்" என்றார்கள்.

அம்மாவுக்குச் சிறுநீரக வருத்தம். கிளினிக்குக்குக் கூட்டிப்போக வீட்டில் வேறு ஆளில்லை. வருகிற ஆவணியில்தான் எனக்கு ஐந்து வருடம் நிறைகிறது. கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போவதா, கொடுக்காமல் இருந்தால் என்ன நடக்கும், சட்டம் தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

பரந்தன் சந்தி

தங்கச்சி, கசப்பாக இருந்தாலும் சொல்கிறேன். வேலையைப் பிடித்துக்கொண்டு போங்கள். எங்கள் பக்கத்தில் படித்த பிள்ளைகளுக்கு என்ன வேலை இருக்கிறது? அறிவியல்நகரில் பொறியியல் பீடம் வந்துவிட்டது, வவுனியாவுக்கு 2021 இல் தனிப் பல்கலைக்கழகமும் கிடைத்துவிட்டது. படித்து முடித்து வெளியே வருகிற பிள்ளை உடனே கொழும்பு பஸ்தான் பார்க்கிறது. கொம்பனியோடு சட்டம் பேசினால் அடுத்த வேலைக்கு விசாரிக்கும்போது உங்களைப் பற்றி என்ன சொல்வார்கள்? அம்மாவுக்கு ஒரு சொந்தக்காரரை ஒழுங்கு செய்துவிட்டுக் கொஞ்ச நாள் போய்ப் பாருங்கள். அங்கே இருந்துகொண்டே வேறு வேலை தேடலாம்.

ஓமந்தை ஐயா

பிள்ளை, நான் வவுனியாவில் தொழிற்சங்க வேலையில் நெடுங்காலம் இருந்தவன். வேலை நிறுத்தப்பட்டவர்களின் வழக்கை விசாரிக்கிற தொழில் நியாய சபைக்குப் பலரோடு போய் வந்திருக்கிறேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மற்றதை ஆறுதலாகப் பார்க்கலாம். இராஜினாமாக் கடிதம் கொடுக்காதீர்கள். பேசாமலும் இருக்காதீர்கள். ஆட்கள் தோற்றுப்போவது பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றால்தான்.

இராஜினாமா கொடுத்தால் வேலையை முடித்தவர் நீங்கள். அதற்குப் பிறகு "வற்புறுத்தி வாங்கினார்கள்" என்று நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில் விழும். ஃபோனில் சொன்னதற்குச் சாட்சி யார்? அவர்கள் ஃபோனில் கேட்டதே அதனால்தான் என்று நினைக்கிறேன்.

பேசாமல் இருந்தால் வேறு ஆபத்து. "வேலையை விட்டதாகக் கருதுவோம்" என்று அவர்கள் எழுதியிருப்பதன் பின்னால் ஒரு சட்டக் கருத்து இருக்கிறது. ஒருவர் பதவியைக் கைவிட்டார் என்று சொல்ல அவர் வராமல் இருந்தது மட்டும் போதாது. வேலையை விடும் எண்ணமும் அவருக்கு இருந்திருக்க வேண்டும். எங்கள் நீதிமன்றங்கள் இந்த இரண்டையும் சேர்த்தே பார்த்து வந்திருக்கின்றன. அந்த எண்ணம் உங்களுக்கு இல்லை என்பதை எழுத்தில் காட்டிவிட்டால் "தானாக விட்டுப் போனார்" என்ற கதை எடுபடாது.

ஆகவே இன்றைக்கே பதில் எழுதுங்கள். என் நியமனக் கடிதத்தின்படி என் வேலை இடம் கிளிநொச்சி. அதை மாற்ற நான் சம்மதிக்கவில்லை. ஒப்பந்தப்படி வேலை செய்ய இன்றும் தயாராக இருக்கிறேன், முதலாம் திகதியும் வழமைபோல லொகின் செய்வேன். நான் இராஜினாமா செய்யவில்லை. இவ்வளவும் போதும். கோபமான ஒரு சொல்லும் வேண்டாம். மின்னஞ்சலில் அனுப்பி, அதையே அச்செடுத்துப் பதிவுத் தபாலிலும் போடுங்கள். தபால் துண்டைக் கவனமாக வையுங்கள்.

முதலாம் திகதி உண்மையிலேயே லொகின் செய்யுங்கள். கணக்கைப் பூட்டியிருந்தால் அந்தத் திரையைப் படம் எடுங்கள். உங்கள் வேலையை நிறுத்தியது அவர்கள் என்பதற்கு அதுவும் ஒரு சாட்சி.

அக்கராயன் பிள்ளை

ஐயா, மிகவும் நன்றி. கடிதத்தை மறுபடியும் வாசித்தேன். கடைசிப் பக்கத்தில் "கொம்பனியின் தேவைக்கேற்ப எந்தக் கிளைக்கும் எந்தப் பிரிவுக்கும் இடமாற்றப்படலாம்" என்று ஒரு வரி இருக்கிறது. அதை வைத்து என்னை மாற்றலாம்தானே?

மல்லாவி சட்டம்

அக்கா, நான் சட்டத்தரணியாகத் தொழில் தொடங்கிக் கொஞ்சக் காலம்தான். அந்த வரி கிட்டத்தட்ட எல்லா நியமனக் கடிதத்திலும் இருக்கும். அதனால் அதைச் சும்மா தள்ளிவிட முடியாது. இடமாற்றம் செய்வது முகாமையின் அதிகாரம் என்பதை எங்கள் சட்டம் பொதுவாக ஏற்றுக்கொள்கிறது.

ஆனால் அந்த அதிகாரம் நல்லெண்ணத்தோடு பயன்படுத்தப்பட வேண்டும். ஆட்களைத் தாங்களாகவே விலகச் செய்வதற்காக இடமாற்றத்தைக் கருவியாக எடுத்தால் நியாய சபை அதைக் கேள்வி கேட்கலாம். உங்கள் விடயத்தில் வேறு ஒன்றும் உண்டு. ஒரு கிளையில் இருக்கிறவரை இன்னொரு கிளைக்கு அனுப்புவது ஒன்று, வீட்டிலிருந்து வேலை என்று பேசி எடுத்தவரின் வேலை முறையையே மாற்றுவது இன்னொன்று. உங்களுக்கென்று குறித்து எழுதிய வரி முன்பக்கத்தில் நிற்கிறது. எல்லோருக்கும் போடும் பொது வரி பின்பக்கத்தில் நிற்கிறது. குறித்து எழுதியதுக்குத்தான் பாரம் கூட என்று வாதிடலாம். வாதிடலாம் என்றுதான் சொல்கிறேன், கட்டாயம் வெல்லும் என்று சொல்லவில்லை. வீட்டிலிருந்து வேலை செய்வதற்கென்று இலங்கையில் தனிச் சட்டம் இல்லை. இருக்கிற சட்டங்களை வைத்துத்தான் இதைப் பேச வேண்டும்.

விளம்பரம், நேர்முகத் தேர்வுக்கு முன் வந்த மின்னஞ்சல்கள், இன்ரநெற் காசு வந்த சம்பளச் சிட்டை எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். கொம்பனி மின்னஞ்சலில் மட்டும் இருந்தால் உங்கள் கடிதங்களையும் சிட்டைகளையும் சொந்தக் கணக்குக்கு எடுத்துக்கொள்ளுங்கள். கொம்பனியின் கணக்குவழக்குக் கோப்புகளில் கை வைக்க வேண்டாம், அது ஒழுக்காற்று நடவடிக்கைக்கு வழி திறந்துவிடும்.

வவுனியா முதலாளி ஒருவர்

நான் மற்றப் பக்கத்தில் இருந்து பேசுகிறேன், கோபிக்க வேண்டாம். சின்னக் கொம்பனி நடத்துகிறேன், பத்துப் பேருக்கும் குறைவு. எல்லாக் காலத்திலும் வீட்டிலிருந்து வேலை நடக்காது. புதுப் பிள்ளைகளைப் பழக்குவது ஸ்கிரீனுக்குள்ளால் கஷ்டம். 2022 இல் பெற்றோலும் இல்லை, ஒரு நாளில் 13 மணித்தியாலம் மின்வெட்டு. வாடிக்கையாளர் கூப்பிட்டால் யார் லைனில் இருக்கிறார் என்றே தெரியாது. முகாமைக்கு மாற்றம் செய்யும் தேவை வரத்தான் செய்யும்.

ஆனால் இந்த மின்னஞ்சலை நான் அனுப்பியிருக்க மாட்டேன். மாற்ற வேண்டும் என்றால் ஆளைக் கூப்பிட்டுப் பேச வேண்டும், கால அவகாசம் தர வேண்டும், போக்குவரத்துக்கும் தங்குமிடத்துக்கும் என்ன செய்யலாம் என்று கேட்க வேண்டும். தேவை உண்மையாக இருந்தால் அதற்குரிய காசைக் கொம்பனி பொறுக்க வேண்டும். 300 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிற பிள்ளையை அதே சம்பளத்தில் வரச் சொல்வது போகச் சொல்வதற்குச் சமம்.

ஓமந்தை ஐயா

முதலாளித் தம்பி சரியாகச் சொன்னார். ஆட்தொகை முக்கியம் என்பதால் அதை விளக்கிவிடுகிறேன்.

1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டம் ஒன்று இருக்கிறது. தொழில் முடிவுறுத்தல் சட்டம் என்று சொல்வோம். 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில், தொடர்ச்சியான 12 மாதத்தில் 180 நாளாவது வேலை செய்த ஒருவரை, ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் நிறுத்துவதானால் அவருடைய எழுத்து மூலமான சம்மதம் முன்கூட்டியே வேண்டும். இல்லையென்றால் தொழில் ஆணையாளர் நாயகத்தின் எழுத்து மூலமான அனுமதி வேண்டும். இரண்டும் இல்லாமல் நிறுத்தினால் அந்த நிறுத்தம் செல்லாது. திரும்ப வேலைக்கு எடுக்கவும் இடைக்காலச் சம்பளம் கொடுக்கவும் ஆணையாளர் கட்டளையிடலாம்.

உங்களிடம் இராஜினாமா கேட்பதன் காரணம் இப்போது விளங்கும் பிள்ளை. நீங்களே விலகினால் இந்தச் சட்டத்தின் பக்கம் அவர்கள் வரவே தேவையில்லை. ஒழுக்காற்றுக் காரணம் என்று சொல்லி நிறுத்தினாலோ, நிறுத்தியதற்கு அடுத்த இரண்டாவது வேலை நாள் முடிவதற்குள் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். கடிதத்தோடு நிறுத்துவது அவர்களுக்குச் சுகமான வழி இல்லை.

15 பேருக்குக் குறைவான இடம் என்றால் இந்தச் சட்டம் வராது. அப்போது தொழில் நியாய சபை இருக்கிறது, 1950 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கக் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின் கீழ். நேரடியாக "உன்னை நிறுத்திவிட்டோம்" என்று சொல்லாமல், வேலை செய்ய முடியாத நிலைக்குத் தள்ளுவதையும் நிறுத்தமாக எடுத்து அங்கே வாதிடலாம். ஆனால் வேலை நின்ற நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும். "பேசிக்கொண்டிருக்கிறோம், பொறுங்கள்" என்று இழுத்தடித்து ஆறு மாதத்தைக் கடத்திவிட்ட கொம்பனிகளை நான் பார்த்திருக்கிறேன். பேச்சு நடக்கட்டும், திகதியையும் எண்ணிக்கொண்டிருங்கள்.

பணிக்கொடை பற்றியும் மறைமுகமாகக் கேட்டீர்கள். 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம். 15 பேர் உள்ள இடத்தில் ஐந்து வருடம் முடித்தவருக்கு, முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் கடைசிச் சம்பளத்தில் அரை மாதச் சம்பளம். ஐந்து வருடம் நிறைந்த பிறகு நீங்களாக விலகினாலும் அது உண்டு. நிறைவதற்கு முன் விலகினால் இல்லை. உங்களுக்கு ஆவணி வரை இருக்கிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே கையெழுத்துப் போடுவதற்கு முன் பத்துத் தடவை யோசியுங்கள். சேமலாப நிதி வேறு, அது எப்படி விலகினாலும் உங்கள் காசுதான். உங்கள் 8 வீதம், அவர்களின் 12 வீதம் இரண்டும்.

மாங்குளம் கோடர்

அக்காவின் பிரச்சினை போலத்தான் எனக்கும். ஆனால் என் கடிதத்தில் வேலை இடம் கொழும்பு என்றுதான் இருக்கிறது. 2020 பங்குனியில் ஊரடங்கு வந்ததும் வீட்டுக்கு வந்தேன். அதற்குப் பிறகு இவ்வளவு நாளும் ஒருவரும் திரும்பக் கூப்பிடவில்லை, இப்போதுதான் கூப்பிடுகிறார்கள். கொழும்பில் இருந்த அறையை விட்டுவிட்டேன். இங்கே கலியாணமும் முடித்து, வீட்டுக் கடனும் எடுத்துவிட்டேன். இத்தனை வருடம் இப்படியே போனால் அதுவே ஒப்பந்தம் ஆகாதா?

ஓமந்தை ஐயா

தம்பி, ஆகும் என்றுதான் நான் சொல்வேன். வருடக்கணக்கில் இரண்டு பக்கமும் ஒத்து நடந்தது ஒப்பந்தத்தின் பகுதி. அவர்கள் சம்மதித்துத்தானே சம்பளம் போட்டார்கள்.

மல்லாவி சட்டம்

ஐயாவுக்கு மரியாதையோடு, இதில் நான் உடன்பட மாட்டேன். 2020 இல் வந்த மின்னஞ்சலில் என்ன இருந்தது என்று பார்க்க வேண்டும். "மறு அறிவித்தல் வரை" என்று இருந்தால் அது தற்காலிக ஏற்பாடு, அவர்கள் கையில் வைத்துக்கொண்ட அதிகாரம். மறு அறிவித்தல் இப்போது வந்துவிட்டது. தம்பி ஐயா சொன்னதை நம்பி "நான் வர மாட்டேன்" என்று எழுதினால் கட்டளையை மீறினார் என்று ஒழுக்காற்று விசாரணை வைக்க இடம் கொடுத்துவிடுவார்.

தம்பி, கொரோனாவுக்குப் பிறகு உங்களுக்குச் சம்பள உயர்வுக் கடிதமோ பதவி உயர்வுக் கடிதமோ வந்திருந்தால் அதில் வேலை இடம் எப்படி எழுதியிருக்கிறது என்று பாருங்கள். "நிரந்தரமாக ரிமோட்" என்று முகாமையாளர் எங்காவது எழுதியிருந்தால் அது பெரிய விடயம். ஒன்றும் இல்லை என்றால் மறுப்பை விட்டுவிட்டு அவகாசம் கேளுங்கள். "என் உரிமைகளை விட்டுக்கொடுக்காமல், எதிர்ப்போடு வருகிறேன்" என்று எழுதிவிட்டுப் போய் வேலை செய்துகொண்டே பிணக்கை நடத்தவும் முடியும். வேலையில் இருக்கிறவர் பேசுவதற்கும் வேலை போனவர் பேசுவதற்கும் கொம்பனி கேட்கும் விதம் வேறு.

ஓமந்தை ஐயா

மின்னஞ்சல் அப்படி இருந்தால் மல்லாவிப் பிள்ளை சொல்வதுதான் பாதுகாப்பு. எதிர்ப்போடு போகலாம் என்பதை நானும் சேர்த்துச் சொல்கிறேன்.

புதுக்குடியிருப்பு இரவுப்பறவை

நான் வெளிநாட்டுக் கொம்பனி ஒன்றுக்கு இங்கிருந்து வேலை செய்தேன். ஒப்பந்தத்தில் என்னை "சுயாதீன ஒப்பந்தக்காரர்" என்று போட்டிருந்தார்கள். நேரம் அவர்கள் சொன்ன நேரம், லீவு அவர்களிடம் கேட்க வேண்டும், வேறு இடத்தில் வேலை செய்யக் கூடாது. திடீரென்று ஒரு கிழமை அவகாசத்தில் முடித்துவிட்டார்கள். எனக்கு ஏதாவது உரிமை இருக்கிறதா, அல்லது நாங்கள் எல்லாம் கணக்கிலேயே இல்லையா?

மல்லாவி சட்டம்

அண்ணை, பெயர் என்ன போட்டார்கள் என்பதோடு முடியாது. யார் கட்டுப்படுத்தினார், யாருடைய கருவி, அந்த வேலை அவர்கள் வியாபாரத்தின் உள்ளே இருந்ததா என்று பார்ப்பார்கள். கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தில் "வேலையாள்" என்பதற்கான வரைவிலக்கணம் அகலமானது. தானே நேரடியாக ஒரு வேலையைச் செய்து கொடுக்க ஒப்பந்தம் செய்தவரும் அதற்குள் வருவார். வாய்மூல ஒப்பந்தமும் வரும்.

கஷ்டம் எங்கே என்றால், கொம்பனிக்கு இலங்கையில் பதிவோ முகவரியோ இல்லை என்றால் கட்டளை எடுத்தாலும் யாரிடம் நிறைவேற்றுவது? கொழும்பில் ஒரு துணைக் கொம்பனி அல்லது சம்பளம் போடும் முகவர் இருந்தால் கதை வேறு. உங்கள் காசு எந்தப் பெயரில் வந்தது என்று வங்கிக் கூற்றில் பாருங்கள். ஒப்பந்தத்தில் முன்னறிவித்தல் காலம் எவ்வளவு, எந்த நாட்டுச் சட்டம் என்பதையும் பாருங்கள். முன்னறிவித்தல் காசையாவது எழுதிக் கேளுங்கள், அதைக் கொடுத்து முடிக்கிற கொம்பனிகளும் உண்டு.

முல்லைத்தீவு சக்கரம்

இவ்வளவு நேரமும் வாசித்துக்கொண்டிருந்தேன். 2009 இல் முள்ளந்தண்டில் காயம், அதற்குப் பிறகு சக்கர நாற்காலி. எனக்கு வீட்டிலிருந்து வேலை என்பது சலுகை அல்ல. அது இல்லையென்றால் வேலையே இல்லை. நான் ஏறக்கூடிய பஸ் எங்கள் ரோட்டில் ஓடுவதில்லை. கொழும்பில் அறை எடுத்தாலும் குளியலறைக் கதவுக்குள்ளால் நாற்காலி போகாது.

எங்கள் கொம்பனியிலும் இந்தப் பேச்சு வந்தது. "எல்லோருக்கும் ஒரே சட்டம்" என்றார்கள். வன்னியில் எத்தனை வீட்டில் ஆண் துணை இல்லாத பெண்கள் பிள்ளைகளையும் பெற்றோரையும் பார்த்துக்கொண்டு இந்த வேலைகளைச் செய்கிறார்கள், எத்தனை பேர் என்னைப் போலக் காயத்தோடு இருக்கிறார்கள் என்பதை அந்த மின்னஞ்சலை எழுதுகிறவர்கள் நினைத்துப் பார்ப்பதே இல்லை. எங்களை இருந்த இடத்திலேயே உழைக்க விட்ட ஒரே கதவு இது. மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிடலாமா?

மல்லாவி சட்டம்

அண்ணை, ஆணைக்குழுவும் அடிப்படை உரிமை வழக்கும் அரச நிறைவேற்று, நிர்வாக நடவடிக்கைகளுக்கு எதிரானவை. தனியார் கொம்பனி அதற்குள் வராது. 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் இயலாமையைக் காரணம் காட்டி ஆட்சேர்ப்பில் பாகுபாடு செய்யக் கூடாது என்கிறது. ஏற்கெனவே வேலையில் இருப்பவரின் இடத்தை மாற்றுவதை அதை வைத்து நேராகத் தடுப்பது கஷ்டம். எனக்கே இது கோபம் தருகிற இடைவெளி.

ஆனால் நியாய சபை "நீதியும் நியாயமும்" பார்த்துத்தான் கட்டளை போட வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் அதையும் தாண்டி நிவாரணம் கொடுக்க அதற்கு அதிகாரம் உண்டு. உங்கள் நிலைமை அங்கே முழுப் பாரத்தோடு நிற்கும். மருத்துவ அறிக்கையோடு இப்போதே எழுத்தில் கேட்டு வையுங்கள். கொம்பனிக்குத் தெரியாது என்று பிறகு சொல்ல முடியாதபடி இருக்க வேண்டும்.

பரந்தன் சந்தி

அண்ணையின் பதிவை வாசித்த பிறகு "போய்ப் பாருங்கள்" என்று நான் எழுதியது எல்லோருக்கும் பொருந்தாது என்று விளங்குகிறது. ஒரு கேள்வி. தனி ஆளாகக் கடிதம் எழுதுவதை விட ஒரே கொம்பனியில் இருக்கிற வன்னி, யாழ்ப்பாணப் பிள்ளைகள் சேர்ந்து எழுதினால் என்ன?

ஓமந்தை ஐயா

அதைத்தான் சொல்ல வந்தேன். ஏழு பேர் இருந்தால் தொழிற்சங்கமே பதியலாம். பதியாவிட்டாலும் ஒரே மாதிரி ஐந்தாறு கடிதம் ஒரே நாளில் போனால் முகாமை உட்கார்ந்து வாசிக்கும். பிணக்கைச் சமரசம் செய்து வைக்கும்படி தொழில் திணைக்களத்தையும் கேட்கலாம். உங்கள் மாவட்டத் தொழில் அலுவலகத்தில் தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம், கொழும்பு நாரஹேன்பிட்டியில் உள்ள தலைமை அலுவலகத்துக்கு ஓட வேண்டியதில்லை. நியாய சபையில் சட்டத்தரணி இல்லாமலும் நிற்கலாம், தொழிற்சங்கப் பிரதிநிதி ஒருவரும் உங்களுக்காகப் பேசலாம். காசில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவைக் கேளுங்கள்.

அக்கராயன் பிள்ளை

எல்லோருக்கும் நன்றி. ஐயா சொன்னபடி எழுதி மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் அனுப்பினேன். என்னோடு வேலை செய்கிற நெடுங்கேணிப் பிள்ளையும் மன்னார் அண்ணா ஒருவரும் தங்கள் பெயரில் அனுப்பினார்கள்.

இன்று பதில் வந்தது. இராஜினாமா பற்றி ஒரு சொல்லும் இல்லை. மாதத்தில் இரண்டு நாள் கொழும்புக்கு வந்தால் போதும், பஸ் காசு தருவோம், இணைப்பு ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்து வையுங்கள் என்கிறார்கள். ஒப்பந்தத்தில் "ஊழியரின் வேலை இடம் கொழும்புத் தலைமை அலுவலகம். முகாமையின் விருப்பப்படி தற்காலிகமாக வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதிக்கப்படுவார்" என்று இருக்கிறது. மாதத்தில் இரண்டு நாள் எனக்குச் சரி. அம்மாவின் கிளினிக் நாளைத் தவிர்த்துப் போய் வரலாம். கையெழுத்துப் போடட்டா?

மல்லாவி சட்டம்

அக்கா, அப்படியே போட வேண்டாம். அந்த முதல் வரியில் உங்கள் கையில் இருக்கும் ஒரே பலத்தை வாங்கிவிடுகிறார்கள். மூன்று மாதம் கழித்து "அனுமதி முடிந்தது" என்று ஒரு மின்னஞ்சல் போதும், அப்போது உங்களிடம் கடிதம் இராது. உங்கள் நிலைமை மாங்குளத்துத் தம்பியின் நிலைமை ஆகிவிடும்.

மாதத்தில் இரண்டு நாள் வரச் சம்மதம் என்று பதில் எழுதுங்கள். வரியை இப்படி மாற்றித் தரக் கேளுங்கள்: வேலை இடம் கிளிநொச்சி வதிவிடமாகவே தொடரும். மாதத்தில் இரண்டு நாள், ஒரு கிழமை முன்னறிவித்தலோடு கொழும்பு அலுவலகம் வருவார். போக்குவரத்தும் தங்குமிடமும் கொம்பனியின் செலவு. இந்த ஏற்பாட்டை இரு பக்கத்தின் எழுத்து மூலமான சம்மதத்தோடு மட்டுமே மாற்றலாம். 2021 இல் தொடங்கிய சேவைக்காலம் முறிவில்லாமல் தொடர்கிறது என்று ஒரு வரியும் வேண்டும். பணிக்கொடைக்கு அது முக்கியம்.

ஓமந்தை ஐயா

சேவைக்கால வரியை விட்டுவிடாதீர்கள் பிள்ளை. புது ஒப்பந்தம் என்று சொல்லிப் பழைய வருடங்களை வெட்டுவது பழைய வேலை. அவர்கள் திருத்த மறுத்தால் கையெழுத்து வேண்டாம், இரண்டு நாளும் போய் வந்துகொண்டிருங்கள். பழைய கடிதமே அமுலில் இருக்கும்.

அக்கராயன் பிள்ளை

மல்லாவித் தங்கச்சி எழுதிய வரிகளை ஆங்கிலத்தில் போட்டு இன்று பின்னேரம் அனுப்புகிறேன். நெடுங்கேணிப் பிள்ளைக்கும் மன்னார் அண்ணாவுக்கும் அதே இணைப்பு ஒப்பந்தம்தான் வந்திருக்கிறது. அவர்களும் கையெழுத்துப் போடாமல் வைத்திருக்கிறார்கள். மூன்று பேரும் ஒரே திருத்தத்தோடுதான் அனுப்பப் போகிறோம்.